கரிசல் தரும் கைப்பும் கறியும்

ஐப்பசியில் இரண்டு உழவு மழை இறங்கிவிட்டால் போதும், விருதுநகர்ச் சீமையின் கரிசல் காட்டில் யாரும் விதைக்காத ஒரு கொடி தலைகாட்டும். கோடை முழுக்கப் பாளம் பாளமாய் வெடித்துக் கிடந்த மண்ணுக்கடியில் அதன் கிழங்கு உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கும். ஈரம் எட்டியதும் மெலிந்த தண்டு ஒன்றை மேலே அனுப்பும். கம்போ, பருத்தியோ, சோளமோ, எந்தப் பயிர் நின்றாலும் அதன் காலடியில் படர்ந்துகொள்ளும். களையெடுக்க வந்த பெண்கள் மற்றதையெல்லாம் பிடுங்கிப்போட்டு, இந்தக் கொடியை மட்டும் ஒதுக்கிவிட்டு நகர்வார்கள். கார்த்திகையில் அதில் காய் பிடிக்கும். அதுதான் அதலக்காய்.

உள்ளங்கையில் வைத்துப் பார்க்க வேண்டிய காய் இது. நீளம் ஓர் அங்குலத்துக்கு உள்ளேதான். கரும்பச்சை உடம்பில் மேலிருந்து கீழாக எட்டு வரிகள் விளிம்பு கட்டி ஓடும். வரிக்கும் வரிக்கும் நடுவே பச்சை சற்று வெளிறும். காம்பு நீளமாக, சதைப்பற்றோடு, லேசாக வளைந்து வந்து காயோடு எந்த இடத்தில் சேர்கிறது என்று தெரியாமல் சேரும். மறுமுனை ஒடுங்கிக் கூராக முடியும். பாகற்காயின் இனம்தான். ஆனால் பாகலுக்கு உள்ள முண்டும் முடிச்சும் இதற்குக் கிடையாது. மிதிபாகலையே பார்த்துப் பழகிய வெளியூர்க்காரர்கள் முதல் தடவை இதைக் காய் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஏதோ காட்டுக்கொடியின் மொட்டு என்று நினைப்பார்கள்.

இதன் சுவை முழுக்க அதன் வயதில் இருக்கிறது. இளங்காயை விரலால் நசுக்கினால் உள்ளே விதை வெள்ளையாக, பால்பதத்தில் இருக்கும். அது நல்ல காய். இரண்டு நாள் கூடக் கொடியில் நின்றுவிட்டால் விதை கருத்து இறுகிப் பல்லில் கடிபடும், கைப்பும் முரடாகிவிடும். பறிக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு விரல் நுனியில் இருக்கிறது. கொடியைப் புரட்டும்போதே எது பறிக்கத் தோதானது, எது விதைக்கு விட வேண்டியது என்று கை தானாகப் பிரித்துவிடும். பறித்த பிறகும் காய் சும்மா இருப்பதில்லை. காலையில் பறித்ததை மூடிக் கட்டி மறுநாள் வரை வைத்தால் வீங்கி, நிறம் மாறி, வாய் பிளந்துவிடும். அதனால் தொலைதூரச் சந்தைக்கு ஒத்துவராத காய் இது. விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டைச் சந்தைகளில் காலையில் கூறு கட்டி வைப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் விற்றுத் தீர்ந்தாக வேண்டும். நாலு நாள் குளிர்பெட்டியில் கிடந்தும் முகம் மாறாத காய்கறிகளுக்குப் பழகிவிட்ட நமக்கு, அன்றைக்கே தன்னைத் தின்னச் சொல்லும் ஒரு காய் கிடைப்பது பெரிய விஷயம்.

காய்க்கும் காலமும் இந்த ஊரின் வேலைக் கணக்கோடு பொருந்தி வருகிறது. தீபாவளி முடிந்ததும் சிவகாசிப் பட்டாசு ஆலைகள் சில வாரங்கள் மூடிக்கிடக்கும். வருஷம் முழுக்க மருந்துக் குச்சிலிலும் திரி அறையிலும் உட்கார்ந்து வேலை பார்த்த பெண்கள் அந்த ஓய்வு நாட்களில் காட்டுப் பக்கம் போகிறார்கள். மழை பெய்து மண் நெகிழ்ந்து, கொடி காய்த்து நிற்கும் நேரமும் அதுதான். மடியில் பறித்துக்கொண்டு வந்து, வீட்டுக்குப் போக மிச்சத்தைச் சந்தையில் வைப்பார்கள். ஒரு படி காய்க்கு எத்தனை கொடியைப் புரட்ட வேண்டும் என்பது வாங்குகிறவர்களுக்குத் தெரிவதில்லை.

சமைக்கும் முறையில் வீட்டுக்கு வீடு வித்தியாசம் உண்டு. எனக்குப் பிடித்ததைச் சொல்கிறேன். காம்பையும் முனையையும் கிள்ளிவிட்டு, காயை நறுக்காமல் முழுசாக நல்லெண்ணெயில் போட வேண்டும். சட்டியை மூடக் கூடாது. காய் சுருங்கி, வரிகளின் விளிம்பு மட்டும் கருகத் தொடங்கும்போது சின்ன வெங்காயமும் தட்டிய பூண்டும் சேர்க்க வேண்டும். வத்தல்பொடி, உப்பு, அரைக் கரண்டி கெட்டிப் புளி. இறக்கும் முன் வறுத்த நிலக்கடலையைக் கரகரப்பாகப் பொடித்துத் தூவினால் வேலை முடிந்தது. வாயில் வைத்ததும் முதலில் புளியும் எண்ணெயும்தான் தெரியும். கடித்த பிறகு, அதுவும் சற்றுத் தாமதித்துத்தான், கைப்பு வரும். பாகற்காயின் கைப்பு நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதலக்காயின் கைப்பு வந்த வேகத்தில் விலகிவிடும். அது விலகிய இடத்தில் கம்மஞ்சோறு இனிக்கும். அந்த இனிப்பு கம்பில் எப்போதும் இருப்பதுதான். கைப்பு வந்து போன பிறகுதான் நாக்குக்கு அது தெரிகிறது. அரிசிச் சோற்றோடு சாப்பிட்டால் பாதிச் சுவைதான் கிடைக்கும் என்பது என் தீர்மானமான கருத்து.

பாகற்காயைவிட இதில் சுண்ணாம்புச்சத்து அதிகம் என்று சத்து ஆய்வுகள் சொல்கின்றன. நல்லதுதான். ஆனால் இந்த ஊர்க்காரர்கள் சத்துக்காக இதைத் தேடவில்லை. ருசிக்காகத் தேடினார்கள்.

மழைக்குப் பிறகு யாரும் விதைக்காமல் இந்த மண் தருவது இது ஒன்று மட்டுமல்ல. பருத்திக்காட்டில் பண்ணைக்கீரை தானாக எழும்பும். பூ வைக்கும் முன் கிள்ளிப் பருப்போடு கடைந்தால் வேறு கீரை தேட மனம் வராது. தொய்யக்கீரை வரப்போரம் கிடைக்கும். மிதுக்கங்காய் என்று ஒன்று உண்டு, முட்டை வடிவில் சின்னதாக, வெள்ளரி இனத்தின் காட்டுப்பிள்ளை. அதை அறுத்து மோரிலும் உப்பிலும் ஊறவைத்துக் காயவைத்தால் மிதுக்கவத்தல். பொரித்த வத்தல் பல்லில் நொறுங்கும் ஓசைக்காகவே கூழ் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்த மாவட்டத்துக்கு ஆண்டில் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அதில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவத்தில் மொத்தமாக வந்துவிடும். மற்ற மாதங்களில் வெயிலும் வறண்ட காற்றும்தான். கரிசல் அந்த மழையை ஆழத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, தை மாசி வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வேருக்குக் கொடுக்கும். குதிரைவாலியும் நாட்டுக்கம்பும் உளுந்தும் பாசிப்பயறும் அந்தச் சேமிப்பில்தான் விளைகின்றன. தீப்பெட்டித் தொழில் இங்கே வேர் பிடித்ததற்கும் வறட்சி ஒரு காரணம். 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு சிவகாசிக்குத் திரும்பியபோது, குச்சியும் மருந்தும் காய்வதற்குத் தோதான வெயில் இங்கே காத்திருந்தது. அந்த வெயிலில்தான் இன்றைக்கும் பட்டாசும் காய்கிறது, களத்தில் மிளகாயும் காய்கிறது.

அந்த மிளகாய்க் களத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. பழுத்துப் பறித்த சம்பா மிளகாயைக் களத்தில் கொட்டி, முதல் நாள் குவித்து வைத்து, நிறம் ஒன்றுபோல ஏறிய பிறகு பரப்புவார்கள். பகலில் புரட்டிவிட்டு, அந்தியில் பனி இறங்குமுன் கூட்டி மூடுவார்கள். பனி பட்டது சண்டாகி வெளுத்துவிடும், விலையும் போய்விடும். நன்றாகக் காய்ந்த வத்தலைக் கையில் எடுத்துக் குலுக்கினால் உள்ளே விதை சலசலக்க வேண்டும், தோல் ஒடியாமல் வளைய வேண்டும். மானாவாரியில் விளைந்த வத்தலின் உறைப்பு சட்டென்று ஏறி, ஒரு மணத்தை விட்டுவிட்டு இறங்கும். பக்கத்திலேயே மல்லிக்காடு. தை மாதத்துக் காலையில், பனி விலகும் நேரத்தில் மல்லி பிடித்துவிட்ட காட்டுவழியே நடந்து பாருங்கள். பச்சை மல்லியும் காய்ந்த மல்லியும் ஒரே செடியில் இரண்டு மணத்தோடு நிற்கும். விருதுநகர் மிளகாய்க்கும் மல்லிக்கும் பயறுக்கும் எண்ணெய்க்கும் விலை சொல்லும் ஊராக வளர்ந்ததற்குப் பின்னால் இந்தக் காடுகள் இருக்கின்றன.

சாத்தூர் வெள்ளரிப்பிஞ்சு கோடைக்கு. வைப்பாற்றங்கரை வெள்ளரியை நீளவாக்கில் கீறி, மிளகாய்ப்பொடியும் உப்பும் தடவிப் பேருந்து ஜன்னலுக்கு நீட்டுவார்கள். இராஜபாளையத்துச் சப்பட்டை மாம்பழம் மேற்குமலை அடிவாரத்தின் சொத்து. திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. இவற்றுக்கெல்லாம் பேர் சொல்ல ஆள் இருக்கிறது. நான் நின்று பார்க்க விரும்புவது ஆட்டை.

கன்னி ஆடு இந்தச் சீமையின் சொந்த வெள்ளாடு. சாத்தூர், சிவகாசி, விருதுநகர், பக்கத்தில் கோவில்பட்டி, விளாத்திகுளம், இதுதான் அதன் நாடு. உடம்பு மினுமினுக்கும் கருப்பு. கண்ணுக்கு மேலிருந்து மூக்கு வரை முகத்தின் இரு பக்கமும் ஒரு கோடு இறங்கும். அந்தக் கோடும் காதின் உள்பக்கமும் அடிவயிறும் காலின் உள்புறமும் வெள்ளையாக இருந்தால் பால்கன்னி, செம்மண் நிறமாக இருந்தால் செங்கன்னி. கால் நீளம், உடம்பு ஒடிசல், நடை வேகம். பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும். கூட்டமாக மேட்டில் ஏறி நிற்கும்போது அத்தனை முகத்திலும் அந்த இரண்டு கோடுகள் நம்மைப் பார்த்துத் திரும்புவது கண்கொள்ளாக் காட்சி. செம்மறியில் இங்கே வேம்பூர் ஆடு உண்டு. வெள்ளை உடம்பில் சிவப்புப் பொட்டுப் பொட்டாக இருப்பதால் பொட்டு ஆடு என்று கூப்பிடுவார்கள். செம்மறி தலையைக் குனிந்து தரையோடு மேயும். வெள்ளாடு தலையைத் தூக்கி, தளிராகப் பார்த்துக் கடித்துவிட்டு அடுத்த செடிக்குத் தாவும். ஒரே செடியில் வயிற்றை நிரப்பிக்கொள்ளாது.

கறியின் ருசி இந்தப் பழக்கத்தில்தான் தொடங்குகிறது. கார்த்திகை மார்கழியில் அது தின்பது பண்ணைக்கீரை, தொய்யல், கொழுக்கட்டைப் புல், பேர் தெரியாத இன்னும் பத்துப் பூண்டு. தையில் கம்பு அறுத்த தாளடி, உதிர்ந்த கதிர். மாசியில் கடைசி எடுப்பு முடிந்த பருத்திக்காட்டைத் திறந்துவிட்டால், இலை, சப்பை, பிஞ்சுக் காய் எல்லாவற்றையும் உருவித் தின்றுவிட்டு வெறும் மாரை நிறுத்தி வைக்கும். பங்குனி வெயிலில் கருவேல நெற்று உதிரத் தொடங்கும். மணி மணியாக இடை சுருங்கிய சாம்பல் நிற நெற்று. உடைமரத்து நெற்றும் உண்டு. ஆட்டுக்காரர் தொரட்டியால் கிளையை வளைத்து உலுக்கும் சத்தம் கேட்டதும் அரை மைலுக்கு அப்பால் நிற்கிற ஆடும் ஓடிவரும். நெற்றைக் கடிக்கும் ஓசை நிழலெங்கும் கேட்கும். விதை மட்டும் செரிக்காமல் வெளியே வந்து கிடையில் கிடக்கும். கண்மாய்க்குள் கருவேல் போட நினைக்கிறவர்கள் அந்த விதையைத்தான் பொறுக்குவார்கள், அதுதான் பிசகாமல் முளைக்கும் என்று.

பச்சை மேய்ச்சலில் ஆடு பூரித்துத் தெரியும், ஆனால் கறியில் நீர் ஓட்டம் கூடுதல். தாளடியும் பருத்தியிலையும் தின்று, முதல் நெற்றும் உள்ளே போன பிறகு கொழுப்பு கட்டிப்படும், கறி இறுகும். என்னைக் கேட்டால் ஆண்டின் மிகச் சிறந்த கறி மாசிக் கடைசியிலிருந்து பங்குனி முடிய. விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் அந்தச் சமயத்தில் வருவதை நான் தற்செயல் என்று எடுத்துக்கொள்வதில்லை. இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் ஆடிக் கடைசி வெள்ளிக்குக் கூடும் கூட்டத்துக்கான கிடாய்கள் இந்தப் பங்குனி நெற்றில் உடம்பு பிடித்தவைதான்.

மேய்ந்த ஆட்டின் கறியைக் கண்ணாலேயே அடையாளம் காணலாம். நாளெல்லாம் நடந்த தசை ஆழ்ந்த சிவப்பாக இருக்கும், தொட்டால் விரலில் ஈரம் ஒட்டாது. கொழுப்பு தசைக்குள் கலந்து கிடக்காமல் குண்டிக்காயைச் சுற்றியும் குடல்மேலும் தனியாக, வெண்மையாக, கெட்டியாக இருக்கும். கட்டிப்போட்டுத் தீவனம் கொடுத்து வளர்த்தது வெளிர் நிறம், அழுத்தினால் குழையும். வேகும்போது வித்தியாசம் இன்னும் தெளிவாகும். மேய்ந்த கறி நேரம் எடுத்துக்கொள்ளும், ஆனால் சட்டியில் அளவு குறையாது. வெந்த பிறகு நாரும் நாருமாகப் பிரியும், பிரிந்த ஒவ்வொரு நாரிலும் சாறு இருக்கும்.

எட்டயபுரத்தில் சனிக்கிழமைதோறும் கூடும் ஆட்டுச்சந்தையில் வியாபாரிகள் ஆட்டைப் பார்க்கிற விதத்தைக் கவனித்திருக்கிறேன். முதலில் நடையைப் பார்ப்பார்கள். பிறகு வாயைப் பிளந்து பல். பால்பல் விழுந்து ரெண்டு பல் போட்டிருந்தால் ஒரு வயது தாண்டியது. அடுத்து இடுப்பில் கட்டை விரலும் நடு விரலும் வைத்து முதுகெலும்பின் இரு பக்கமும் அழுத்தி, நெஞ்செலும்பைத் தடவி, கடைசியில் முன்னங்காலோடு சேர்த்து ஒரு தூக்குத் தூக்கிப் பார்ப்பார்கள். எத்தனை கிலோ கறி விழும் என்று அந்தத் தூக்கிலேயே சொல்லிவிடுவார்கள். தராசில் வைத்தால் அரைக் கிலோ முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். குழம்புக்கு இளங்குட்டி, சுக்காவுக்கு ரெண்டு பல் போட்ட காயடித்த கிடாய் என்பது இந்தப் பக்கத்து ஞானம். காயடிக்காத முற்றின கிடாயின் வாடை மசாலாவுக்கும் அடங்காது.

ஊரில் கறி எடுக்கும் முறையிலும் ஒரு நயம் உண்டு. தீபாவளி, பொங்கல் நாட்களில் பத்துப் பதினைந்து வீடு சேர்ந்து ஒரு ஆட்டைப் பிடித்துக் கூறு போட்டுக்கொள்வார்கள். விடியுமுன் வேப்பமரக் கிளையில் தொங்கவிட்டு உரித்து, ஓலைப்பாயில் கூறு வைக்கத் தொடங்குவார்கள். ஒவ்வொரு கூறிலும் தொடைக்கறி கொஞ்சம், நெஞ்செலும்பு இரண்டு, விலாவில் ஒரு துண்டு, ஈரல் ஒரு கீற்று, கொழுப்பு ஒரு துணுக்கு, நுரையீரல், குடலில் பங்கு. கூறு வைக்கிறவர் எல்லாவற்றையும் ஒரு தடவை சுற்றிப் பார்த்து, இதிலிருந்து ஒரு துண்டை எடுத்து அதில் போடுவார், அதிலிருந்து ஒரு எலும்பை இதற்கு மாற்றுவார். அந்தக் கடைசித் திருத்தங்கள்தான் அவருடைய கைத்திறன். சில ஊர்களில் ஒருவர் கூறுகளுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, "இது யாருக்கு?" என்று கேட்கக் கேட்கப் பெயர் சொல்வார். பிறகு பேச்சுக்கு இடமில்லை. பனையோலைப் பட்டையில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனால், ஒரு முழு ஆட்டின் எல்லாச் சுவையும் அந்தச் சின்னப் பொட்டலத்துக்குள் இருக்கும். கடையில் அரைக் கிலோ தனிக்கறி வாங்குகிறவருக்கு இது கிடைப்பதில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை சுவரொட்டி. மண்ணீரலைத்தான் அப்படிச் சொல்கிறோம். பருத்திமார் எரிந்து தணிந்த கங்கில் நேரே போட்டு, மேல்தோல் இறுகியதும் ஊதித் தட்டி, உப்பைத் தொட்டுச் சின்னப் பிள்ளைகள் வாயில் வைப்பார்கள். இரும்பின் வாசமும் புகையின் வாசமும் சேர்ந்த ருசி. அதற்கு மசாலா எதுவும் வேண்டாம். குழம்புக்கு மல்லியும் சம்பா வத்தலும் சீரகமும் வறுத்து அம்மியில் அரைக்க வேண்டும். எலும்பைத் தனியே ஒரு கொதி விட்டுச் சாறு இறங்கிய பிறகு கறியைச் சேர்க்க வேண்டும். தேங்காய் வேண்டாம் என்பேன் நான். மேய்ச்சல் கறிக்குத் தேங்காய் போட்டால் ஆடு தின்ற காட்டின் மணம் அமுங்கிப்போகும். அந்தக் குழம்பைக் குதிரைவாலிச் சோற்றில் ஊற்றினால், சின்னச் சின்னப் பருக்கைகள் சாற்றை உறிஞ்சிக்கொண்டும் தனித்தனியாகவே நிற்கும். சுக்காவுக்கு எண்ணெயும் பொறுமையும் வேண்டும். கறி தன் நீரிலேயே வெந்து, நீர் வற்றி, எண்ணெய் பிரிந்து, ஓரம் கருகும் வரை கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவுக்கு இதைவிடப் பொருத்தமான ஜோடி எனக்குத் தெரிந்து இல்லை.

மிஞ்சினதற்கு உப்புக்கண்டம். கறியை விரல் நீளத்துக்கு நீட்டி அறுத்து, உப்பும் மஞ்சளும் வத்தல்பொடியும் பிசறி, கயிற்றில் கோத்து வெயிலில் தொங்கவிடுவார்கள். வறண்ட காற்று உள்ள சீமை என்பதால் மூன்று நாலு நாளில் கல்லாகக் காய்ந்துவிடும். கடலோரத்து ஈரக்காற்றில் இது நடக்காது. மழை நாளில் இரண்டு துண்டைத் தட்டி நல்லெண்ணெயில் பொரித்தால், தெருவுக்கே தெரியும் எந்த வீட்டில் அடுப்பு எரிகிறது என்று.

விளைச்சலும் கறியும் இங்கே ஒரே மண்ணில் ஒன்றையொன்று வளர்க்கின்றன. அறுவடை முடிந்த காட்டில் ஆட்டுக்கிடை அமர்த்துவார்கள். பகலெல்லாம் மேய்ந்துவிட்டு இரவில் அந்தக் காட்டிலேயே படுக்கும் ஆடுகளின் புழுக்கையும் மூத்திரமும்தான் உரம். ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறு வருஷம் என்பது சம்சாரிகளின் வாக்கு. கிடை அமர்ந்த காட்டில் அடுத்த பட்டத்தில் மல்லி எப்படி எழும்புகிறது என்பதைப் பார்த்தாலே அந்த வாக்கின் உண்மை தெரியும். இந்தக் கிடை வாழ்க்கையை வைத்துத்தான் கி. ராஜநாராயணன் 'கிடை' என்ற குறுநாவலை எழுதினார். அதை அம்ஷன் குமார் 'ஒருத்தி' என்ற படமாக எடுத்தார். இடைசெவல்காரரான கி.ரா.வுக்கு ஆட்டின் நடையும் ஆட்டுக்காரரின் பேச்சும் பக்கத்து வீட்டுச் சமாச்சாரம்.

இன்றைக்குக் கிடைகள் குறைந்துவிட்டன. மேய்ச்சல் தரிசுகள் மனையடியாகக் கல் நட்டுக் கிடக்கின்றன. மிஞ்சிய இடத்தைச் சீமைக்கருவேல் பிடித்துக்கொண்டது. ஆலையில் நிழலில் உட்கார்ந்து வாரக்கூலி வாங்க முடியும்போது, வெயிலில் ஆட்டுக்குப் பின்னால் நடக்க இளைய பிள்ளைகள் வருவதில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆலை வேலையும் ஆபத்தில்லாத வேலை அல்ல. ஆனால் வாரம் தவறாமல் கூலி வருகிறது. ஆட்டுக்காரருக்கு அந்த உறுதி இல்லை. அதை அவருக்குக் கொடுக்கக்கூடியவர்கள் கறி வாங்குகிறவர்கள்தான்.

பிரான்சில் மோன் சான் மிஷேல் பக்கத்து உப்புச் சதுப்பில் மேயும் ஆட்டின் கறிக்குத் தனிப் பெயரும் சட்டப் பாதுகாப்பும் உண்டு. எந்தப் புல்லைத் தின்றது என்பதற்காகவே கூட விலை கொடுத்து வாங்குகிறார்கள். நம் கருவேல நெற்றும் பருத்தியிலையும் கொழுக்கட்டைப் புல்லும் தின்று வளர்ந்த கன்னிக் குட்டி எந்த விதத்திலும் அதற்குக் குறைந்ததில்லை என்று நான் உறுதியாகச் சொல்வேன். நமக்கு இல்லாதது கேட்கும் பழக்கம் ஒன்றுதான்.

அதனால் இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கும், இங்கேயே இருந்துகொண்டு வாரம் தவறாமல் கறி எடுக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கறிக்கடையில் நிறுக்கச் சொல்லும் முன், "அண்ணாச்சி, குட்டி எங்க மேஞ்சது?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த கடையில் மட்டும் வாங்குங்கள். கிலோவுக்கு ஐம்பது ரூபாய் கூடச் சொன்னால் பேரம் பேசாமல் கொடுங்கள். அந்த ஐம்பது ரூபாய் போய்ச் சேர வேண்டிய ஆள், தொரட்டியும் தூக்குவாளியுமாக இந்நேரம் ஏதோ ஒரு கருவேல நிழலில் நிற்கிறார்.